ஆறு வருஷமா எதுக்களிக்குது: பயப்பட வேண்டியது மாத்திரைக்கா, நோய்க்கா?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். 38 வயசு, வண்ணார்பேட்டையில துணிக்கடை வேலை, கடை அடைச்சு வீட்டுக்கு வர 11 மணி, சாப்பிட்ட கையோட படுக்கை, 6 வருஷமா தினம் ஒரு கேஸ் மாத்திரை, அதை ரெண்டு நாள் விட்டா நெஞ்சு கரிச்சு தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி எதுக்களிச்சு வருது, மாத்திரை போட்டும் ராத்திரி இருமல் நிக்கல, பிபிக்கும் ஒரு மாத்திரை, அது பேரு சொல்லல. பக்கத்து வீட்டுக்காரர் இந்த மாத்திரை கிட்னியைத் தின்னுரும்னு சொல்லுதாரு, உங்க மச்சான் இதை இப்படியே விட்டா கேன்சர்ல கொண்டு விட்டுரும்னு சொல்லுதாரு. கடைசியில "எந்த மாத்திரை நல்லது"ன்னு கேட்டு முடிச்சிருக்கீங்க. ஆனா நீங்க உண்மையா கேக்குறது அது இல்லன்னு எனக்குத் தோணுது. மாத்திரையை விட்டாலும் பயம், தின்னாலும் பயம், இதுல எதுக்கு நிஜமாவே பயப்படணும்னு கேக்கீங்க. அதுக்குத்தான் பதில் சொல்லுதேன்.

நான் டாக்டர் இல்ல. டி.பார்ம் படிச்சவன், மொதல்ல முக்கூடல்ல ஒரு மெடிக்கல்ல வேலை பாத்து பெறவு பாளையங்கோட்டையில சொந்தமா கடை போட்டு, எல்லாம் சேத்து 27 வருஷம் மருந்துக் கடையிலயே நிக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரு "அண்ணாச்சி, கேஸ் மாத்திரை ஒரு அட்டை"ன்னு வந்து நிக்காங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க டாக்டர்கிட்ட சொல்லாததை எங்கிட்ட சொல்லுவாங்க, அதனால மருந்து பத்தியும் ஆளுங்க பத்தியும் கொஞ்சம் உறுதியா பேச முடியும். ஆனா உங்க உணவுக்குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு எழுத்துல வாசிச்சு சொல்ல என்னால ஆகாது, அது குழாய் விட்டுப் பாத்தவரு சொல்ல வேண்டியது.

மொதல்ல உறுதியா தெரிஞ்சது. நம்மாளுங்க எல்லாரும் நினைக்கது, வயித்துல ஆசிட் அதிகமா சுரக்குது அதான் எரியுதுன்னு. பெரும்பாலான ஆளுக்கு அது தப்பு. எல்லார் வயித்துலயும் ஒரு நாளைக்கு ஒண்ணரை ரெண்டு லிட்டர் செரிமான நீர் சுரக்கும், அதுல இருக்க ஆசிட் எலுமிச்சம்பழச் சாறு அளவுக்கோ அதைவிடக் காட்டமாவோதான் இருக்கும், அது நோய் இல்ல, அப்படித்தான் இருக்கணும், வயித்தோட உள்தோல் அதைத் தாங்குற மாதிரி படைச்சிருக்கு. கோளாறு எங்கன்னா, உணவுக்குழாய் வயித்துல போய் சேருற இடத்துல ஒரு தசை வளையம் உண்டு, சோறு இறங்கும்போது திறந்து பெறவு மூடிக்கணும், அது தேவையில்லாத நேரத்துல தளந்து போகுது. குளத்துல தண்ணி இருக்கது குத்தமா? மடைப்பலகை ஒழுங்கா உக்காரலைன்னா வயக்காடு முங்கத்தான் செய்யும். அந்த வளையத்துக்கு வெளிய இருந்து முட்டு குடுக்கது நம்ம மூச்சுத் தசை, உதரவிதானம்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க, சில பேருக்கு வயித்தோட மேல்பாகம் அந்த உதரவிதானத்து ஓட்டை வழியா நெஞ்சுப் பக்கம் ஏறிரும், ஹையாட்டஸ் ஹெர்னியான்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க, அப்ப மடையும் முட்டும் வேற வேற இடத்துல ஆயிருது, எதுக்களிப்பு கூடிருது. வயிறு முட்டத் தின்னா, தொப்பை போட்டா, புள்ளைத்தாச்சியா இருந்தா, இறுக்கமா பெல்ட் போட்டா கீழ இருந்து அழுத்தம் ஏறும். இதை நான் ஏன் இம்புட்டு நீட்டுதேன்னா, மாத்திரை ஆசிட்டைத்தான் குறைக்கும், மடையை அடைக்காது. மாத்திரை திங்கிற நாள்லயும் வயித்துத் தண்ணி மேல வந்துக்கிட்டுத்தான் இருக்கும், புளிப்பு இல்லாததால எரியல, அவ்வளவுதான். மாத்திரை போட்டும் ராத்திரி இருமல் நிக்கலைன்னு எழுதியிருக்கீங்கல்லா, அது இதனாலயும் இருக்கலாம், சம்பந்தமே இல்லாத வேற காரணமாவும் இருக்கலாம், அதுக்குப் பெறவு வாரேன்.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல "கேஸ்"ங்கிறது ஒரு நோய் இல்ல, அது ஒரு சாக்குப்பை. நெஞ்சு கரிச்சா கேஸ், வயிறு உப்பினா கேஸ், விலாவுல பிடிச்சா வாய்வு, தலை சுத்தினாலும் கேஸ் தலைக்கு ஏறிட்டுன்னு சொல்ற ஆளு உண்டு. அதே மாதிரி "அல்சர்". குழாய் விட்டு உள்ள பாக்குற எண்டோஸ்கோபியே எடுக்காம 20 வருஷமா எனக்கு அல்சர்னு சொல்லிக்கிட்டு இருக்க பெரியம்மா எங்க தெருவுலயே ரெண்டு பேரு இருக்காங்க. அல்சர்ங்கிறது வயித்துலயோ சிறுகுடல் தொடக்கத்துலயோ வர்ற புண்ணு, அதுக்கு முக்கிய காரணம் ஹெலிகோபாக்டர்னு ஒரு கிருமி, இல்லன்னா வலி மாத்திரை. அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்ச ஆஸ்திரேலிய டாக்டர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் குடுத்தாங்க, மார்ஷல் அதை நிரூபிக்கணும்னு கிருமியைத் தானே கரைச்சுக் குடிச்ச மனுஷன். உங்களுக்கு இருக்கது, நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா, அது இல்ல. புளிச்ச தண்ணி தொண்டைக்கு வர்றதும் படுத்தா கூடுறதும் எதுக்களிப்போட கையெழுத்து மாதிரி.

ஆனா இந்த "கேஸ்"ங்கிற சாக்குப்பைக்குள்ள ஒரு பாம்பும் கிடக்கு, அதைச் சொல்லாம மேல போக மனசு இல்ல. பல வருஷம் முன்னால, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி, ஒரு அம்பது அம்பத்தஞ்சு வயசு ஆளு கடைக்கு வந்தாரு. "கேஸ் அடைக்கி அண்ணாச்சி, ஒரு ஈனோ குடுங்க". குடுத்தேன். என் சில்வர் டம்ளர்லயே கலக்கி நின்ன இடத்துல குடிச்சாரு, பெருசா ஒரு ஏப்பம் விட்டாரு, இப்ப தேவலைன்னு சொன்னாரு. நானும் சரின்னு அடுத்த ஆளுக்குப் பில் போட ஆரம்பிச்சிட்டேன். அவரு போகல, படியிலயே உக்காந்தாரு. இடது கையால தாடையைத் தடவிக்கிட்டே இருந்தாரு, முதுகுப் பக்கம் சட்டை சுத்தமா நனைஞ்சிருந்தது, நான் அதைப் பாத்தேன், பாத்துட்டு புழுக்கமா இருக்குல்லான்னு நினைச்சேன். பக்கத்து டீக்கடைப் பையன்தான் "அண்ணாச்சி இவருக்கு என்னமோ ஆகுது"ன்னு கத்தினான், ஆட்டோவுல ஏத்தி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஹார்ட் அட்டாக். ஆளு பொழச்சிட்டாரு, இன்னைக்கும் எங்கிட்டதான் மருந்து வாங்குதாரு, ஒரு வார்த்தை குத்தமா சொன்னது கிடையாது, ஆனா தப்பு என்னோடதுதான். ஏப்பம் விட்டதும் தேவலையா இருந்ததுன்னா அது கேஸ்தான்னு நினைக்கக் கூடாது. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நரம்பு வர்ற பாதை பக்கம் பக்கமா இருக்கதால வலியை வச்சு டாக்டருக்கே பிரிக்கிறது கஷ்டம், அதனாலதான் ஈசிஜி எடுக்காங்க. நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்து, வேர்த்துக் கொட்டி, கை தாடை முதுகுன்னு பரவி, நடந்தா மாடி ஏறினா கூடுதுன்னா மெடிக்கல் ஷாப்புக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. முக்கியமா சுகர் உள்ளவங்க, ஏன்னா அவங்களுக்கு வலி மழுங்கலாத் தெரியலாம்.

சரி, இப்ப மச்சான் சொன்ன கேன்சருக்கு வருவோம். வருஷக்கணக்கா ஆசிட் மேல வந்தா உணவுக்குழாயோட உள்தோல் புண்ணாகும், அதை எண்டோஸ்கோபியில பாத்து ஏ, பி, சி, டின்னு நாலு படியா எழுதுவாங்க, 'ஏ'ங்கிறது சின்னக் கீறல், 'டி'ங்கிறது சுத்தி முக்கால்வாசி புண்ணு. ஆனா எரிச்சல் இருக்கவங்கள்ல பாதிக்கு மேல எண்டோஸ்கோபியில புண்ணே தெரியாது, இது நிறையப் பேருக்குத் தெரியல, ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா, நடிக்கேனா"ன்னு கேக்காங்க. நடிப்பு இல்ல, புண்ணு இல்லாத வகையும் உண்டு, சில பேருக்குக் குழாயோட உணர்ச்சியே கூடுதலா இருக்கும். புண்ணு ஆறி ஆறித் தழும்பாகி குழாய் சுருங்கினா சோறு அடைக்கும். இன்னொரு பக்கம், கொஞ்சம் பேருக்கு அந்த உள்தோலே மாறி குடலோட தோல் மாதிரி ஆயிரும், அதுக்கு பேரட்ஸ்னு பேரு, நார்மன் பேரட்னு ஒரு சர்ஜன் 1950ல எழுதினதால அந்தப் பேரு. இந்த பேரட்ஸ்தான் கேன்சருக்கு முன்படி. இங்கதான் கணக்கு வேணும்: எதுக்களிப்பு இருக்க எல்லாருக்கும் பேரட்ஸ் வராது, வந்தவங்கள்லயும் செல்லுல வேற மாறுதல் இல்லாதவங்களை எடுத்தா ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேரு, மிஞ்சிப் போனா அஞ்சு பேருக்குத்தான் கேன்சர் ஆகுது. 50 வயசு தாண்டின ஆம்பிளை, தொப்பை, சிகரெட் பீடி, குடும்பத்துல யாருக்காவது இருந்தது, இதெல்லாம் சேந்தாத்தான் டாக்டருங்க அதைத் தேடிப் பாக்கவே சொல்லுவாங்க. வெள்ளைக்கார நாடுகள்ல இது கூடுதல். நம்ம நாட்டுல உணவுக்குழாய் கேன்சர்ல பெரும்பங்கு வேற வகை, அதுக்குக் காரணம் பொகையிலை, பாக்கு, சாராயம். அதனால மச்சான் சொன்னது முழுப் பொய் இல்ல, ஆனா வாயில பொகையிலைய அடக்கிக்கிட்டு எதுக்களிப்புக்குப் பயப்படுத ஆளுகளைப் பாத்தா எனக்குச் சிரிப்பும் வரும் கோவமும் வரும். மச்சான் எப்படின்னு எனக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்க.

குழாயைத் தாண்டின பாதிப்புகள்ல உறுதியானது பல்லு. மேல் முன்பல்லோட உள்பக்கம், நாக்கு படுற பக்கம், வழுவழுன்னு தேஞ்சு கூசினா அது ஆசிட் வேலையா இருக்கலாம், பல் டாக்டர்தான் மொதல்ல கண்டுபிடிப்பாரு. எதுக்களிச்ச உடனே பிரஷ் எடுத்துத் தேய்க்காதீங்க, வெறும் தண்ணியில கொப்பளிச்சிட்டு அரைமணி நேரம் விடுங்க, எனாமல் எளகியிருக்கும். ஆஸ்துமா இருக்கவங்களுக்கு எதுக்களிப்பும் சேந்து இருக்கது சாதாரணமாப் பாக்கதுதான். இதுக்கு மேல சந்தேகக் கணக்கு: தொண்டைக் கரகரப்பு, செருமல், தொண்டையில உருண்டை மாதிரி அடைக்கிறது, ராத்திரி இருமல், இதெல்லாத்தையும் எதுக்களிப்பு தலையில தூக்கிப் போடுறது ஒரு வழக்கமாப் போச்சு. இங்கிலாந்துல ஒரு சோதனை, 2021ல வந்தது, நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ளவங்களுக்குப் பாதிப் பேருக்கு ஆசிட் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேறிச்சு. அதனால உங்க இருமலுக்கு எதுக்களிப்புதான்னு நான் சூடம் அடிக்க மாட்டேன். பைபாஸ்ல பைக்ல தூசி குடிக்கீங்க, துணிக்கடையில பஞ்சுத் தூசி, இல்ல நீங்க பேரு சொல்லாம விட்ட அந்த பிபி மாத்திரையில ஏதாவது. பிபிக்குக் குடுக்குற ஒரு வகை மாத்திரை, பேரு 'பிரில்'னு முடியும், எனாலபிரில், ராமிப்ரில், அது வறட்டு இருமல் கொண்டு வரும், அட்டையை எடுத்துப் பாருங்க.

இப்ப மாத்திரை. நீங்க தினம் திங்கிற அந்த கேஸ் கேப்சூல்ல ரெண்டு மருந்து இருக்கு, பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும். பான்டோபிரசோல் வயித்துல ஆசிட்டை வெளிய தள்ளுற பம்பை அடைக்கிற மருந்து. அந்த வகையில மொதல்ல வந்தது ஒமிபிரசோல், 1988ல. இது ஓடிக்கிட்டு இருக்க பம்பைத்தான் பிடிக்கும், தூங்குற பம்பைப் பிடிக்காது. பம்பு ஓட ஆரம்பிக்கிறது நாம சாப்பிடும்போது. ரத்தத்துல ஏறின மருந்தோ ஒரு மணி ஒண்ணரை மணி நேரத்துலயே பாதியாக் குறைஞ்சிரும். அதனால சாப்பாட்டுக்கு அரைமணில இருந்து ஒரு மணி நேரம் முன்னால போட்டாத்தான் மருந்து ரத்தத்துல ஏறுற நேரமும் பம்பு ஓடுற நேரமும் சேரும். எங்கிட்ட வாங்குறவங்கள்ல நாலு இட்லி சாப்பிட்டுட்டு காப்பியோட மாத்திரையை முழுங்குற ஆளுதான் கூட. நெஞ்சு எரியும்போது மட்டும் போடுறதும் இந்த மருந்துக்கு ஒத்துவராது, முழு வேலை காட்ட மூணு நாலு நாள் ஆகும். எரியுற நேரத்துக்கு அணைக்கணும்னா அதுக்கு ஆன்டாசிட் டானிக், இல்லன்னா ஆல்ஜினேட்னு கடல்பாசியில இருந்து எடுக்குற மருந்து, அது வயித்துத் தண்ணி மேல ஆடை மாதிரி மிதந்து மூடிக்கும். ஈனோ மாதிரி சோடா உப்பும் ஒடனே கேக்கும், ஆனா அதுல சோடியம் ஏகம், பிபி உள்ள நீங்க தினம் குடிக்கக் கூடாது. முன்னால எல்லாம் ரானிடிடின்தான் ஓடும், அதுல என்டிஎம்ஏங்கிற கேன்சர் சந்தேகம் உள்ள மாசு கண்டதுக்குப் பெறவு அமெரிக்காவுல 2020ல திரும்ப எடுக்கச் சொன்னாங்க, இந்தியாவுல 2022ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து தூக்கினாங்க.

ரெண்டு நாள் விட்டா திரும்ப வருதுன்னு சொல்லுதீங்க, அதனால நோய் முத்திட்டுன்னு பயப்படுதீங்க. இங்க ஒரு விஷயம். பம்பை மாசக்கணக்கா அடைச்சு வச்சா உடம்பு விடாது, இன்னும் சுரன்னு சமிக்ஞை கூட்டிக்கிட்டே இருக்கும், மாத்திரையைத் திடீர்னு நிப்பாட்டினா அடைச்ச தண்ணி திறந்த மாதிரி முன்னைவிட ஜாஸ்தியா சுரக்கும். 2009ல டென்மார்க்குல வயித்துக் கோளாறே இல்லாத 120 பேரைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு இந்த வகை மாத்திரையை 8 வாரம் குடுத்து நிப்பாட்டினாங்க. மாத்திரை தின்னவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரி தொந்தரவு வந்தது, வெறும் மாத்திரை தின்னவங்கள்ல 15 சதவீதம்தான். நல்லா இருந்த ஆளுக்கே அப்படி. அதனால விட்ட ரெண்டாவது நாள் எரியுறதை வச்சு இது இல்லாம வாழ முடியாதுன்னு முடிவு கட்டாதீங்க. அந்த எழுச்சி சில வாரம் இருந்துட்டு அடங்கும். டாக்டருங்க விடச் சொல்லும்போது பெரும்பாலும் அளவைப் பாதியாக்கி, பெறவு ஒருநாள் விட்டு ஒருநாள், நடுவுல எரிஞ்சா ஆன்டாசிட்னு படிப்படியா இறக்குவாங்க. ஆனா எண்டோஸ்கோபியில பெரிய புண்ணு இருக்கவங்களும் பேரட்ஸ் இருக்கவங்களும் விடவே கூடாது, ரத்தம் இளக்குற மாத்திரையோ வலி மாத்திரையோ தினம் திங்கிறதுக்காக இதை எழுதிக் குடுத்திருந்தாலும் தானா விடக் கூடாது. நீங்க எந்தக் கூட்டம்னு உள்ள பாக்காம எப்படிச் சொல்ல?

கிட்னி விஷயம். இந்த மாத்திரையை ரொம்ப நாள் தின்னவங்களுக்கு கிட்னி கோளாறு, எலும்பு முறிவு, மறதி நோய்னு பல கட்டுரை வந்திருக்கு. அதெல்லாம் பெரும்பாலும் மருந்துச் சீட்டுக் கணக்கை வச்சுப் பாத்தது, ஏற்கெனவே உடம்பு சரியில்லாத ஆளுதான் இந்த மாத்திரையையும் கூடத் தின்பாங்கங்கிறதைப் பிரிக்கிறது கஷ்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டு சரியா நடத்தின பெரிய சோதனை ஒண்ணு 2019ல வந்தது, 17,000க்கு மேல ஆளு, எல்லாரும் இதய ரத்தக்குழாய் நோயாளிங்க, பாதிப் பேருக்கு இதே பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, மூணு வருஷம் மாதிரி. வித்தியாசமா தெளிவாத் தெரிஞ்சது ஒண்ணுதான், வயித்துப்போக்கு மாதிரி குடல் தொற்று கொஞ்சம் கூடுதல், வெறும் மாத்திரை பக்கம் 1 சதவீதம், மருந்துப் பக்கம் 1.4. கிட்னியில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியல. ஆனா அது மூணு வருஷம், நீங்க ஆறு. அபூர்வமா சில பேருக்கு ஒவ்வாமை மாதிரி கிட்னி வீங்குறது நிஜம். பி12ம் மெக்னீசியமும் குறையலாம்ங்கிறதும் நிஜம், அதுலயும் நீங்க சைவம்னா, இல்ல சுகருக்கு மெட்ஃபார்மின் சேத்துத் தின்னா, பி12 ஒரு தடவை பாத்துக்கிறது நல்லது. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் டெஸ்ட் எந்த லேப்லயும் எடுக்கலாம், ஒரு பேப்பர் கையில இருந்தா பக்கத்து வீட்டுக்காரர் வாயை அடைக்கலாம்.

எனக்கு உங்க கேப்சூல்ல பயம் அந்த ரெண்டாவது மருந்து மேலதான். டாம்பெரிடோன் வாந்திக்கு உள்ளது, வயித்தைக் கீழ் பக்கமா சீக்கிரம் காலி பண்ணும். இதயத் துடிப்போட தாளத்தை மாத்துற குணம் அதுக்கு உண்டுன்னு ஐரோப்பாவுல 2014லயே ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல வேணாம், ஒரு வாரத்துக்கு மேல சாதாரணமா வேணாம்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல அதைப் பான்டோபிரசோலோட ஒட்டி ஒரே கேப்சூலாக்கி, தலைவலித் தைலம் வாங்குற மாதிரி ஜனங்க வாங்கித் திங்காங்க. 6 வருஷம் தினம் டாம்பெரிடோன் தேவைப்படுற ஆளு ரொம்பக் கம்மி. சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மருந்து இது, குடுக்குறோம், நானும் குடுத்திருக்கேன், இல்லன்னா எதிர்க்கடைக்குப் போயிருவாங்கன்னு. இப்ப ஒரு அட்டைக்கு மேல கேட்டா சீட்டு எங்கன்னு கேக்கேன், அதனால நாலு பேரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

சாப்பாட்டுக்கு வருவோம், ஜனங்க அதிகமாக் கேக்குறதும் இதுதான், ஆதாரம் கொறச்சலா இருக்கதும் இதுதான். காரம் ஆகாது, புளி ஆகாதுன்னு பட்டியல் போடுவாங்க, எல்லாருக்கும் பொதுவான பட்டியல்னு ஒண்ணு நிரூபிச்சது கிடையாது. எனக்கு மோர் மிளகாய் ஒண்ணும் செய்யாது, பச்சை வெங்காயம் கடிச்சா சாயங்காலம் வரைக்கும் ஏப்பம். எண்ணெய், நெய் கூடினா வயிறு காலியாக நேரமாகும், அது உறுதி. அதனால அல்வா திங்காதீங்கன்னு சொன்னா நம்ம ஊர்ல என்னைய அடிக்க வருவாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு துண்டு தின்னா நெஞ்சு தாங்கும், ராத்திரி 11 மணிக்கு நாலு புரோட்டாவை சால்னாவுல முக்கித் தின்னுட்டு மேல அல்வாவும் போட்டுப் படுத்தா எந்த மடை தாங்கும். பால் குடிச்சா ஆறும்ங்கிறது பாதி நிஜம், குடிச்சதும் இதமா இருக்கும், பெறவு பாலே சுரப்பைத் தூண்டும். கோலி சோடா ஏப்பம் வரவைக்கும், அந்த ஏப்பத்தோட ஆசிட்டும் ஏறும். பழைய சோறு, சீரகத் தண்ணி கெடுதல் கிடையாது, பிடிச்சா சாப்பிடுங்க, ஆனா ஆறு வருஷ எதுக்களிப்பை அது மாத்தும்னு சொல்ல ஆதாரம் இல்ல.

என்ன திங்கோம்ங்கிறதை விட எப்ப, எப்படி உக்காருதோம்ங்கிறது பெருசுன்னு நான் கத்துக்கிட்டது முக்கூடல்ல. அங்க பீடி சுத்துற பொம்பளைங்க காலையில ஏழு மணிக்குத் திண்ணையில உக்காந்தாங்கன்னா மடியில தட்டு, தட்டுல தூளு, வெட்டின இலை, நூலு, கழுத்தைக் குனிஞ்சு வயித்தை மடிச்சு, ஆயிரம் பீடி சுத்தி முடிக்கணும். காலைச் சாப்பாடு ஒரு டீ, பதினோரு மணிக்கு இன்னொரு டீ, மூணு மணிக்கு மொத்தமா ஒரு தட்டு சோறு, தின்ன கையோட திரும்பவும் குனிவு. ஒரு அக்கா, பேரு வேணாம், வாரா வாரம் பீடிக்கடையில கட்டைக் குடுத்துட்டு வந்து ஜெலுசில் வாங்கும். டாக்டர் ஒருத்தர் அந்த அக்காகிட்ட கேட்டது ஒரே கேள்வி: தட்டை மடியில வைக்காம சின்ன ஸ்டூல்ல வச்சு நிமுந்து சுத்த முடியுமான்னு. பழைய பலகை ஒண்ணை ரெண்டு கல்லு மேல போட்டு வச்சுக்கிட்டாங்க, சோத்தை ரெண்டாப் பிரிச்சுத் தின்னாங்க. சுத்தமாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஜெலுசில் வாங்குறது மாசத்துக்கு ஒண்ணாச்சு. ஒரே ஒரு ஆளை வச்சு விதி சொல்ல முடியாதுதான். ஆனா சாப்பிட்டுக் குனியுறது எதுக்களிப்பைக் கூட்டும்ங்கிறது எல்லாப் புத்தகத்துலயும் உள்ளது.

உங்களுக்கு நான் சொல்றது ராத்திரிச் சாப்பாட்டை ரெண்டாப் பிரிங்க, ஏழரை மணிக்குக் கடையிலயே டிபன் பாக்ஸ்ல முக்கால்வாசி, வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. படுக்கதுக்கும் சாப்பிட்டதுக்கும் நடுவுல மூணு மணி நேரம் விடணும்னு சொல்லுதாங்க, உங்க வேலைக்கு முழுசா நடக்காது, கனமான சாப்பாட்டுக்காவது அந்த இடைவெளி கிடைக்கும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கலைப் படுக்கவச்சு அடுக்குங்க, 6 இஞ்ச் உயரும். தலையணையை அடுக்குறது உதவாது, கழுத்தும் இடுப்பும் மடங்கி வயித்தைத்தான் அழுத்தும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க, அப்படிப் படுத்தா வயித்துத் தண்ணி குழாய் வாய்க்குக் கீழ நிக்கும், வலது பக்கம்னா மேல நிக்கும். தூக்கத்துல எச்சில் சுரக்கது ரொம்பக் குறைஞ்சிரும், முழுங்குறதும் கொறச்சல், அதனால ராத்திரி ஏறுற ஆசிட் ரொம்ப நேரம் குழாய்லயே தங்கும், புண்ணு அதிகம் ஆகுறது அந்த நேரத்துலதான். எடை எவ்வளவுன்னு நீங்க எழுதல, இந்த ஆறு வருஷத்துல தொப்பை போட்டிருந்தா அதைக் குறைக்கிறதுக்கு உள்ள ஆதாரம் சாப்பாட்டுப் பத்தியம் மாதிரி மத்த பழக்க மாத்தங்களுக்கு உள்ளதை விடக் கூடுதல். பீடி சிகரெட் இருந்தா அதுவும் மடையைத் தளத்தும்.

எண்டோஸ்கோபி. உங்களுக்கு வயசு 38, அபாய அறிகுறின்னு ஒண்ணும் எழுதல, சோறு நெஞ்சுல அடைக்கிறது, முழுங்கினா வலி, காரணமில்லாம எடை குறையுறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், ரத்தசோகை, இதுல ஒண்ணு இருந்தாலும் நாளைக்கே போகணும். சத்து மாத்திரைன்னு இரும்பு தின்னாலும் மலம் கருப்பா போகும், அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இது ஒண்ணும் இல்லன்னாலும், ஆறு வருஷம் தினம் மருந்து தின்னும் ஒரு தடவை கூட யாரும் உள்ள பாக்கலைங்கிறதுதான் எனக்கு உறுத்துது. தொண்டைக்கு மரத்துப்போற மருந்து அடிச்சு, விரல் தடிமன் குழாய், அஞ்சு பத்து நிமிஷ வேலை, குமட்டும், வலிக்காது. பாளையங்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குடல் டாக்டர்கிட்ட சீட்டு போட்டுக் காட்டுங்க. எண்டோஸ்கோபிக்கு முன்னால மாத்திரையை எத்தனை நாள் நிப்பாட்டணும்னு அவரையே கேளுங்க, தின்னுக்கிட்டே போனா புண்ணு ஆறின மாதிரி தெரிஞ்சு விவரம் மறைஞ்சிரலாம். அதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா மூக்கு வழியா மெல்லிசு வயர் விட்டு 24 மணி நேரம் ஆசிட் எத்தனை தடவை ஏறுதுன்னு எண்ணுற டெஸ்ட் உண்டு, அது எல்லா ஊர்லயும் கிடையாது, எல்லாருக்கும் தேவையும் இல்ல. ஆப்பரேஷன்னு ஒண்ணும் இருக்கு, வயித்தோட மேல்பாகத்தை எடுத்துக் குழாயைச் சுத்திக் கட்டுறது, அந்தப் பேச்சு உங்களுக்கு இப்ப வேணாம்.

கடைசியா அந்த பிபி மாத்திரை. இருமலுக்குச் சொன்னேன்ல, இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம பக்கம் அதிகம் எழுதுறது அம்லோடிபின், அது ரத்தக்குழாய்த் தசையைத் தளத்துற மருந்து, சில பேருக்கு அந்த மடைத் தசையையும் சேத்துத் தளத்திரும். எதுக்களிப்பு தொடங்கினது பிபி மாத்திரை ஆரம்பிச்சதுக்கு முன்னாலயா பின்னாலயான்னு யோசிச்சு வைங்க. அதுக்காக நீங்களா பிபி மாத்திரையை நிப்பாட்டிராதீங்க, ரெண்டு அட்டையையும் பையில போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, காலியான அட்டைன்னாலும் சரி, பேரு தெரிஞ்சாப் போதும்.